ஊத்துக்குழி வீதியின் பசி

சென்னியப்பனுக்கு மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய பதினோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஊத்துக்குழி வீதியில் யாருக்கும் பசிக்கவில்லை.

மாலைநிழல் முதியோர் இல்லத்தின் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், மூன்று தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்த அந்த எண்பத்திரண்டு வயது மனிதருக்கு, அவரைப் பார்த்துக்கொள்ளும் சகாயராணி பன்னிரண்டு மணிக் கஞ்சியைப் பெரிய சிரிஞ்சில் ஊற்றி உயர்த்திப் பிடித்தாள். கஞ்சி குழாயில் இறங்க இறங்க, தன் வயிற்றுக்குள்ளும் கதகதவென்று ஏதோ இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. முடிந்ததும் ஏப்பம் விட்டாள். கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சோற்றை மூடி திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். கீழே கூடத்தில் பதினாறு முதியவர்கள் தட்டைத் தள்ளிவைத்தார்கள். எதிரே மில் பெண்கள் தங்கும் விடுதியில் அறுபது பேருக்கு வடித்த சோறு அண்டாவிலேயே ஆறிக் கிடந்தது. நான்கு வீடு தள்ளி, வேலுமயில் மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "என்னமோ தெரியலீங்க, வயிறு கம்முனு இருக்குது" என்று எழுந்து போனார்கள். மெஸ்ஸின் பின்வாசலில் எலும்புக்குக் காத்திருக்கும் நாய்கள்கூட அன்று கால் நீட்டித் தூங்கின.

அடுத்த நாளும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும்.

சென்னியப்பன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஊரில் முக்கால்வாசிக் கம்பங்களில் ஏறி இறங்கியவர். பேச்சு குறைவு, யார் வீட்டுக் கல்யாணத்திலும் கைநனைக்காதவர், வீட்டிலும் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகிறவர். அவருக்கு ஒரே மகள் பூங்கோதை. ஐம்பத்து மூன்று வயது. கணவன் போய் ஒன்பது வருடம், பிள்ளையில்லை. பத்திர எழுத்தரிடம் வேலை. வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவது அவள் வேலையில் பாதி. அப்பாவுக்கு நினைவு தப்பி, வீட்டுக்கு வழி தெரியாமல் இரண்டு முறை கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த பிறகு, அவரை ஊத்துக்குழி வீதி இல்லத்தில் சேர்த்தாள். தானும் அதே வீதியில் ஒரு வீடு பார்த்துக் குடிவந்தாள்.

இரண்டு வருடம் அவர் ஊட்டினால் சாப்பிட்டார். பிறகு சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறந்தார். பிறகு கரண்டி வந்தால் முகத்தைத் திருப்பினார். பிறகு ஒருநாள் வாயை மூடிக்கொண்டார், மூடியது மூடியதுதான். ரசம் கொடுத்துப் பார்த்தார்கள், இளநீர் கொடுத்துப் பார்த்தார்கள், "அப்பா, ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று பூங்கோதை கட்டிலோரத்தில் நின்று கெஞ்சிப் பார்த்தாள். கரண்டி பல்லில் இடித்த சத்தம்தான் மிச்சம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த டாக்டர், குழாய் போட்டுவிடலாம் என்று சொல்லி ஒரு தாளை நீட்டி, கையெழுத்துக்கான இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். பெற்ற அப்பனைப் பட்டினி போட்டாள் என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்களே என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அவர் அந்தக் குழாயை மூன்று முறை பிடுங்கி எறிந்தார். அதனால் இரண்டு கைக்கும் துணி உறை மாட்டி, உறையின் நாடாவைக் கட்டில் கம்பியில் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பதினோராம் நாள் வந்தது.

வீதி முதலில் பயந்தது. ஏதோ நோய் என்று நினைத்தது. வரிசையாகப் போய் ரத்தம் கொடுத்து, ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பி வந்தது. ஒருநாள் சகாயராணி வந்த பஸ் வழியில் நின்றுபோய்க் கஞ்சி முக்கால் மணி நேரம் தாமதமாக, அந்த முக்கால் மணி நேரமும் வீதி முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க, அவள் ஓடிவந்து மாடியேறிச் சிரிஞ்சைத் தூக்கிய நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏப்பம் வர, அப்போதுதான் விஷயம் விளங்கியது. விளங்கியதும் பயம் போய்விட்டது. கிழக்கே பால் பூத் வரைக்கும், மேற்கே ரயில்வே கேட் வரைக்கும் அவருக்கு ஊற்றியது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தால் அந்தக் காலோடு பசியும் வந்தது. கஞ்சிக்கு நடுவே அவருக்குத் தண்ணீர் ஊற்றினால் வீதியில் தாகமும் அடங்கியது. எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டவர்கள் இப்போது ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள்.

இல்லத்துக்காரர்கள் முட்டையின் வெள்ளைக்கருவைக் கஞ்சியில் கலக்க, கோயில் பூசாரி வீட்டில் எல்லோருக்கும் முட்டை வாடையோடு ஏப்பம் வந்து பெரிய பஞ்சாயத்தானது. செவ்வாய், வெள்ளியில் ராகி மட்டும் என்று முடிவாயிற்று. நோன்பு மாதம் வந்தபோது வீதியின் ஏழு முஸ்லிம் குடும்பத்தாரும் பள்ளிவாசலில் போய்க் கேட்டார்கள். வாய் வழியாகப் போகாதது நோன்பை முறிக்குமா முறிக்காதா என்பது இருக்கட்டும், பசியே இல்லாமல் என்ன நோன்பு என்று அவர்களே யோசித்து, ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் உறவினர் வீடுகளில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். வீதிக்கோடிக் கல்யாண மண்டபத்தில் எழுநூறு பேருக்குச் சமைத்ததில் ஒரு இலைகூட விழாமல் போக, சமையல்காரர்கள் அழுதுகொண்டே பாத்திரம் கழுவினார்கள். பெண்கள் மதிய நேரத்தில் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்தார்கள், பிறகு தாயம் ஆடினார்கள், பிறகு தூங்கினார்கள்.

மெஸ் வேலுமயில் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தார். எட்டாம் நாள் வெள்ளை வேட்டியும் கையில் வடிகட்டியுமாக இல்லத்துக்கு வந்து, "இனிமே அவருக்கு நாங் காய்ச்சறனுங்க" என்றார். நாற்பது வருடம் நூறு பேருக்கு ஆக்கிய கை, ஒரே ஒரு டம்ளர் கஞ்சிக்காக விடியற்காலையில் எழுந்து சம்பா கோதுமையை வறுத்து, பாசிப்பருப்பை வறுத்து, அரைத்து, சலித்து, காய்ச்சி, கட்டி தட்டாமல் மூன்று முறை வடிகட்டியது. தையல்காரர் வீட்டு ஜோதிமணி நான்கு குழந்தைகளின் தாய். புருஷனுக்கு நெஞ்சு நோய் வந்து தையல் நின்றபிறகு பல நாள் அவள் வீட்டில் வெறும் வரக்காப்பிதான். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது கன்னத்தில் சதை வைத்திருந்தது. அவள் மிச்சத் துணியில் வெல்வெட் தேடியெடுத்து, உள்ளே பஞ்சு வைத்து, சென்னியப்பனின் கைகளுக்குப் புது உறை தைத்துக் கொண்டுவந்தாள்.

"பழசு உறுத்துமுங்கக்கா. அப்பாருக்கு இது மெத்துனு இருக்கும்" என்றாள் பூங்கோதையிடம்.

நாடாவையும் இரட்டைத் தையல் போட்டு நன்றாக, அறுந்துபோகாதபடி வைத்திருந்தாள்.

இப்படி ஏழு மாதம் போனது. வீதிக்குச் சதை பிடித்தது. சென்னியப்பன் மட்டும் வற்றினார். ஒவ்வொரு டம்ளருக்கும் கொஞ்சம் வற்றினார். தோள்பட்டை எலும்பு கோட் ஹேங்கர் மாதிரி தெரிந்தது; இடுப்பில் படுக்கைப்புண் வந்து உள்ளங்கை அளவுக்கு விரிந்தது; ஊற்றிய கஞ்சி சில நேரம் மேலே ஏறி நெஞ்சுக்குள் போய், அவர் கொர்கொர்ரென்று மூச்சுவிட, சகாயராணி சளி உறிஞ்சும் மெஷினை ஓட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் வீதியில் ரேடியோவின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள்.

வியாழக்கிழமைதோறும் வந்து பார்க்கிற டாக்டர் மெஹருன்னிஸா, குணமாக்க முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய் வலி குறைத்துவிடுகிறவர், ஒரு வியாழன் அன்று பூங்கோதையை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"இந்தக் கஞ்சி உங்க அப்பாவுக்குப் போய்ச் சேரலைங்கம்மா. உடம்பு வாங்கறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

"நிறுத்துனா பசியில செத்துருவாருங்களே டாக்டர்."

"அவர் சாப்பிடாததால போகலை. போயிட்டிருக்கறதாலதான் சாப்பாட்டை வேண்டாங்கறார். கடைசிக் காலத்துல உடம்புக்குப் பசி, தாகம் நாம நினைக்கற மாதிரி இருக்காது. உதட்டை ஈரமா வெச்சுக்கணும், வலிக்கு மருந்து தரணும், பக்கத்துல இருக்கணும். விட்டுட்டுப் போறதில்லைங்க இது."

"நீங்களே சொல்லிருங்க டாக்டர். எடுக்கறதா, வேண்டாமா?"

"நான் என்ன நடக்கும்னு சொல்லலாம். உங்க அப்பா என்ன சொல்லுவார்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

பூங்கோதைக்கு அது தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வருடத்தில் அவர் தனக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லி அவள் கேட்டது குறைவு. அதைவிட, டாக்டரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. தினமும் மதியம் பன்னிரண்டுக்கு, பத்திரக் கட்டுகளுக்கு விடுப்பு சொல்லிவிட்டு வீதிக்குள் நுழைந்ததும், வெறும் வயிறாக வந்த அவளுக்குள் அந்தக் கதகதப்பு இறங்கும். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். சின்ன வயதில் ஒருநாள்கூட "சாப்பிட்டியா" என்று கேட்காத மனிதர், இப்போது நாளைக்கு ஆறு வேளை அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். வீதி முழுவதற்கும்தான் போட்டார். இருந்தாலும் அவள் அதைத் தனக்கென்றே வாங்கிக்கொண்டாள். அந்த நிறைவை விட அவளுக்கு மனமில்லை. மனமில்லை என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் சகாயராணி கஞ்சியோடு வந்தபோது, "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை அவருடைய வலதுகை உறையின் நாடாவை அவிழ்த்தாள். வெல்வெட்டுக்குள் கை வெளுத்து, ஊறி, குழந்தையின் கை போல இருந்தது. அது சும்மா கிடந்தது. பிறகு விரல்கள் போர்வையின்மேல் நகர்ந்தன, மார்புமேல் ஏறின, தாடையைத் தொட்டன, குழாயைக் கண்டுபிடித்தன. பற்றிக்கொண்டன. கண் எங்கேயோ இருந்தது. அவர் எங்கேயோ இருந்தார். கை மட்டும் இங்கே இருந்தது. பூங்கோதை அந்தக் கையை விலக்கப் பார்த்தாள். முடியவில்லை. உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் அந்த ஒரு பிடியில் இருந்தது. எத்தனையோ கம்பத்தில் அவரைத் தாங்கிய பிடி.

"அக்கா, பிடுங்கிருவாருங்க!" என்றாள் சகாயராணி.

"தெரியுது" என்றாள் பூங்கோதை. "இத்தனை நாளா இதைத்தான் சொல்லிட்டிருந்திருக்காரு. நாமதான் கட்டி வெச்சுட்டோம்."

அடுத்த வியாழக்கிழமை குழாயை எடுப்பதாகப் பேச்சு வெளியே போனதும், புதன்கிழமை சாயங்காலம் வீதி அவள் வாசலுக்கு வந்தது. கூச்சல் ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். முதலில் வேலுமயில்தான் பேசினார்.

"அம்முணி, நாப்பது வருசம் அடுப்புல நின்னுட்டேன். எத்தனை போட்டாலும் அடுத்த வேளைக்குப் பசியோடதான் வந்து நிப்பாங்க. இப்பத்தான் ஒருத்தருக்கும் பசியில்லாம ஒரு வீதியைப் பாத்தனுங்க. அந்த மனுசன் உசுரோட இருக்கறதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. கஷ்டம் அவருக்கு."

"கஷ்டம்னு அவரு சொன்னாருங்களா?"

"கையால சொன்னாருங்க."

ஜோதிமணி முன்னால் வந்தாள். இடுப்பில் கடைசிக் குழந்தை. "அக்கா, உங்களுக்கு அப்பாரு. எனக்கு இதுக." அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். கொழுகொழுவென்று இருந்தது அது.

பூங்கோதை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் சொன்னதில் ஒன்றையும் தவறு என்று சொல்ல அவளால் முடியவில்லை. நாளைக்கு இந்தக் குழந்தை அழும். அது அழுவது தன்னால்தான். அதை மறுக்காமல் அவள் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினாள். "நாளைக்குப் பத்து மணிக்குங்க. வீட்டுல அரிசி பருப்பு பாத்து வெச்சுக்குங்க" என்றாள். அவர்கள் அதைக் கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். 

பத்து மணிக்கு டாக்டர் மெஹருன்னிஸா குழாயை எடுத்தார். வெள்ளையாக, வழுக்கிக்கொண்டு, வெகு நீளத்துக்கு வந்தது அது. இரண்டு கை உறைகளையும் பூங்கோதையே அவிழ்த்தாள். சென்னியப்பன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கையை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, தூங்கினார்.

பன்னிரண்டரைக்கு வீதியில் பசி வந்தது. ஏழு மாதம் ஒதுங்கியிருந்த பசியெல்லாம் சேர்ந்து வந்தது போல வந்தது. பல வீட்டில் காஸ் அடுப்பின் பொத்தான் துருப்பிடித்துச் சுற்றவில்லை. மிக்ஸிக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. உப்பு எவ்வளவு போடுவதென்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். விடுதியில் மூன்று பெண்கள் மயங்கி விழுந்தார்கள். குழாயடியில் குடம் குடத்தை இடித்தது. பூங்கோதை வீட்டுச் சுவரில் கரித்துண்டால் யாரோ 'பட்டினி போட்டவள்' என்று எழுதிவைத்தார்கள். அவள் அதை அழிக்கவில்லை. அழிக்க நேரமில்லை, அவள் மாடியில் இருந்தாள்.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தால் அவர் ஒருமுறை சப்புவார். இரண்டாவதுமுறை முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த ஒரு சப்பல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. டாக்டருக்குப் போன் செய்தாள்.

"சப்புறாருங்க டாக்டர். அப்ப தாகமா இருக்குமுங்களா? தப்புப் பண்ணிட்டனா?"

"அவர் வேணுங்கற வரைக்கும் கொடுங்கம்மா. முகத்தைத் திருப்பினா நிறுத்துங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு அவ்வளவுதானாக இல்லை. ஒவ்வொருமுறை அவர் திருப்பும்போதும், உண்மையாகவே திருப்பினாரா, கழுத்து தானாகச் சாய்ந்ததா என்று குனிந்து பார்த்தாள்.

ஐந்தாம் நாள் காலை வேலுமயில் ஒரு தூக்குப்போசியில் கஞ்சியும், காகிதப் பையில் ஒரு புதுக் குழாயுமாக மாடியேறி வந்தார். கண் குழிந்திருந்தது. பூங்கோதை குளிக்கப் போயிருந்தாள். சகாயராணி கதவில் நின்றாள்.

"விடு ராணி. ஒரே ஒரு தடவை. வீதி சாகுது."

"எனக்கும் பசிக்குதுங்கண்ணா" என்றாள் சகாயராணி. "காலையில ஒண்ணும் திங்காமத்தான் வந்தேன். இந்த வீதிக்குள்ள பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. ஆனா வந்து அவரு மூஞ்சியப் பாருங்க."

வேலுமயில் உள்ளே வந்து பார்த்தார். ஏழு மாதம் அவருக்காகக் கஞ்சி காய்ச்சியிருந்தாலும் கட்டில் அருகே வந்து பார்த்தது அதுதான் முதல்தடவை. சென்னியப்பன் ஒருக்களித்து, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, கொர்கொர்ப்பு இல்லாமல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வேலுமயில் புதுக் குழாய் இருந்த பையை மடித்தார். பிறகு தூக்குப்போசியைச் சகாயராணியிடம் கொடுத்து, "நீ குடி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று மதியம் மெஸ்ஸில் அடுப்பு எரிந்தது. விடுதிப் பெண்களும் தையல்காரர் வீட்டுக் குழந்தைகளும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னார்கள். பூங்கோதை போய்ப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு, ஜன்னல் வெயில் கட்டிலைத் தொடும் நேரத்தில், இரண்டு மூச்சுக்கு இடையில் வந்த இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்த மூச்சு வரவில்லை.

இல்லத்து முற்றத்தில் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று பூங்கோதை நினைத்தாள். வீதி முழுவதும் வந்தது. மெலிந்துபோய், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய்க்கரிசி போட வரிசையில் நின்றது. ஆளுக்கு ஒரு பிடி அரிசி. பங்காளி வகையில் மூத்தவர் முதலில் குனிந்து, மூடியிருந்த உதட்டை விரலால் பிரிக்கப் போனார்.

"வேண்டாமுங்க பெரியப்பா" என்றாள் பூங்கோதை.

"என்ன அம்முணி?"

"இனி அவரு வாயில ஒண்ணும் போட வேண்டாம்."

"இது சாப்பாடு இல்ல அம்முணி, சாங்கியம்."

"தெரியுமுங்க. இருந்தாலும் வேண்டாம்."

பெரியவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கையிலிருந்த அரிசியைப் பார்த்தது. வரிசையில் யாருடைய வயிறோ சத்தம் போட்டது. ஜோதிமணி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். சென்னியப்பனின் மணிக்கட்டில் நாடா பதிந்த தடம் இன்னும் இருந்தது. அதை ஒருமுறை தடவினாள். பிறகு தன் பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த அரிசியை யார் உலையில் போட்டார்கள், யார் குருவிக்கு இறைத்தார்கள் என்று பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

சுடுகாட்டுக் காரியம் முடிந்து, தலை முழுகி, ஈரத் தலையோடு அவள் வந்தபோது மணி நான்கு. மெஸ் வாசலில் வேலுமயில் நின்றிருந்தார். ஒதுங்கி வழிவிட்டார். ஆளில்லாத மெஸ்ஸில் ஒரு இலை மட்டும் போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. அவள் உட்கார்ந்தாள். அவர் சோறு போட்டார், பருப்பு ஊற்றினார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். ரசத்துக்கு மறுபடி போட்டார், சாப்பிட்டாள். மோருக்குப் போட்டார், அதையும் சாப்பிட்டாள். பிறகும் அவர் சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சமுங்க?"

அவள் இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தாள்.

அவர் அந்தக் கையையே பார்த்தார். கரண்டியில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிறகு கரண்டியைச் சட்டிக்குள் போட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.